ஒரே ஊருக்குள் மூன்று கிராமங்கள்

மாத்தூரிலோ மணலி புதுநகர்ப் பக்கமோ மனை வைத்திருப்பவர் சொத்து வரி கட்டுவது சென்னை மாநகராட்சிக்கு. ஓட்டுப் போடுவதும் மாநகராட்சி வார்டில்தான். ஆனால் பட்டாவை எடுத்துப் பார்த்தால் 'வருவாய் கிராமம்' என்ற இடத்துக்கு எதிரே ஓர் ஊர்ப்பெயர் இருக்கும். நிலம் 'நன்செய்' (நீர்ப் பாசன வயல்) பத்தியில் ஏறியிருக்கும். இன்னும் கொஞ்சம் தோண்டி அ-பதிவேட்டை, அதாவது ஒவ்வொரு புல எண்ணுக்கும் நில விவரம் எழுதிய வருவாய்த் துறைப் பதிவேட்டைப் பார்த்தால் 'பாசன ஆதாரம்: ஏரி' என்றிருக்கும். சிட்டிக்குள் வாங்கிய மனைக்கு எதற்கு ஏரிப் பாசனம் என்று குழம்புவது நியாயம்தான்.

இதற்கு நேரெதிரான குழப்பம் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர், சோழவரம் ஒன்றியங்களின் சின்னச் சின்ன விவசாய ஊர்களில் இருக்கிறது. 2025 தொடக்கத்தில் தமிழ்நாடு அரசு பல ஊராட்சிகளை அருகிலுள்ள நகராட்சி, மாநகராட்சிகளோடு சேர்ப்பதற்கான அறிவிப்புகளை வெளியிட்டது. அதையொட்டி மாநிலத்தின் பல இடங்களில் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. 'எங்கள் ஊர் கிராமமாகவே இருக்கட்டும்' என்பதுதான் கோரிக்கை. சரி, நகரத்தோடு சேர்த்தால் கிராமத்தில் எது போகிறது, எது மிஞ்சுகிறது?

இரண்டு குழப்பத்துக்கும் வேர் ஒன்றுதான். 'கிராமம்' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு மூன்று வேறு விஷயங்களைப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

மூன்று கிராமங்கள் எவை?

1. வருவாய் கிராமம். இது வருவாய்த் துறையின் நில அளவைக் கணக்கு. எல்லைக் கல், புல எண், உட்பிரிவு, வரைபடம், பதிவேடு எல்லாம் சேர்ந்தது. இதைப் பார்த்துக்கொள்பவர் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. பரம்பரையாக வந்த கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980-ல் ஒழித்த பிறகு வந்த பதவி இது. ஆள் குடியிருக்கிறாரா இல்லையா என்ற கவலை இந்தக் கிராமத்துக்குக் கிடையாது. நிலம் இருந்தால் போதும்.

2. ஊராட்சி. இது நிர்வாகம். தலைவர், வார்டு உறுப்பினர், கிராம சபை, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி, வீட்டு வரி, நூறு நாள் வேலை. ஓர் ஊராட்சிக்குள் நாலைந்து குக்கிராமங்கள் இருக்கலாம். ஒரே வருவாய் கிராமமாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை.

3. தண்ணீர்க் கிராமம். இந்தப் பெயர் எந்த அரசாணையிலும் இல்லை, வசதிக்காக நான் வைத்தது. ஓர் ஏரி, அதற்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக் கால்வாய், அதிலிருந்து பாயும் வயல், மிச்சம் வெளியேறும் வழி ஆகியவற்றைச் சேர்த்துச் சொல்கிறேன். தொண்டைமண்டலத்தில், அதாவது சென்னையைச் சுற்றியுள்ள இந்த வட தமிழகப் பகுதியில், ஊர் அமைந்ததே இந்தக் கணக்கில்தான்.

செய்தியில் அடிபடுவது இரண்டாவது. பட்டாவில் ஒட்டிக்கொண்டிருப்பது முதலாவது. மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வருமா வராதா என்பதைத் தீர்மானிப்பது மூன்றாவது. அதைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை, ஆகவே அங்கிருந்து தொடங்குவோம்.

தண்ணீர்க் கிராமம் எப்படி வேலை செய்கிறது?

வடசென்னைக்கு வடக்கே உள்ள நிலம் கிட்டத்தட்டத் தட்டை. மேற்கிலிருந்து கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரியும். பெரிய ஆறு என்றால் இரண்டுதான். ஒன்று கொசஸ்தலை, பூண்டி வழியாக வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் கலக்கிறது. இன்னொன்று ஆரணியாறு, பழவேற்காட்டுப் பக்கம் போகிறது. இரண்டிலும் ஆண்டு முழுக்கத் தண்ணீர் ஓடாது. மழையில் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதைப் பிடித்து வைக்காவிட்டால் தை மாதத்தில் வயலுக்குத் தண்ணீர் இல்லை. தட்டை நிலத்தில் பிறை வடிவில் ஒரு கரையைப் போட்டு, மேட்டிலிருந்து வரும் தண்ணீரைத் தேக்கினார்கள். ஏரி என்பது அவ்வளவுதான். தோண்டிய பள்ளம் என்று பலர் நினைப்பது தவறு. மூன்று பக்கம் கரை, நாலாவது பக்கம் திறந்தவெளி. தண்ணீர் வந்து நிற்கும் அந்தத் திறந்த பகுதிக்குப் பெயர் உள்வாய்.

ஏரிக்கரை மேல் நின்று பார்த்தால் ஊரின் மொத்த அமைப்பும் புரியும். ஒரு பக்கம் உள்வாய், மறுபக்கம் வயல். இவ்விரண்டுக்கும் நடுவே கரையைத் துளைத்துக்கொண்டு போகிறது மதகு. பழைய மதகு ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால் அதன் எளிமை ஆச்சரியப்படுத்தும். தண்ணீருக்குள் இரண்டு கல் தூண்கள் நிற்கும். அவற்றை இணைத்துக் குறுக்கே ஒன்றிரண்டு கற்கள், நடுவில் துளையோடு. அந்தத் துளை வழியே ஒரு நீளக் கம்பு அல்லது இரும்புத் தண்டு கீழே இறங்கும். அதன் நுனியில் கூம்பு வடிவில் ஓர் அடைப்பான். தரைமட்டத்தில் ஒரு துவாரத்தின் மேல் அது உட்கார்ந்திருக்கும். தண்டை ஒரு சாண் தூக்கினால் ஒரு சாண் தண்ணீர், இறக்கினால் மூடல். பல ஏரிகளில் இப்போது திருகு வைத்த இரும்புக் கதவு இருக்கிறது. தத்துவம் மாறவில்லை.

அந்தத் தண்டை யார் வேண்டுமானாலும் தூக்க முடியாது. அதற்கென்று ஓர் ஆள் உண்டு, நீர்க்கட்டி. எந்த மடைக்கு (வயலுக்குத் தண்ணீர் பிரியும் வாய்) எத்தனை நாழிகை, கடைசியில் இருக்கும் கடைமடைக்கு எப்போது என்ற கணக்கெல்லாம் அவர் தலையில் இருக்கும். கூலி களத்தில் நெல்லாக அளக்கப்பட்டது. நீர்க்கட்டி மட்டுமல்ல, கணக்கன், வெட்டியான், தச்சன், கொல்லன், கோயில் என்று ஊரின் எல்லாப் பணிக்கும் விளைச்சலில் ஒரு பங்கு ஒதுக்கப்பட்டது. இதைக் கதையாகச் சொல்லவில்லை. 1763-ல் ஆர்க்காட்டு நவாப் செங்கல்பட்டு ஜாகீரை (வரி வசூல் உரிமையோடு கொடுத்த பகுதி) கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்த பிறகு, தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் 1767 முதல் 1774 வரை சென்னையைச் சுற்றியுள்ள ஏறக்குறைய 2000 ஊர்களை அளந்து எழுதினார். எவ்வளவு நிலம் ஏரி, எவ்வளவு நத்தம் (குடியிருப்பு), எவ்வளவு மானியம் (வரி விலக்கு நிலம்), யார் யாருக்கு என்ன பங்கு என்று ஊர்வாரியாக விவரம் கிடைக்கிறது. பங்கில் சமத்துவம் இருந்தது என்று இதற்கு அர்த்தம் இல்லை. நிலத்தில் இறங்கி உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் நிலமே இல்லாமல் சேரியில்தான் இருந்தார்கள். அந்த மக்களின் நிலை பற்றிச் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையும், 1892-க்குப் பிறகு அவர்களுக்கென்று பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டதும் அந்த அநீதியிலிருந்து வந்தவையே.

ஏரி நிரம்பினால் என்ன செய்வது? கரையின் ஓர் ஓரத்தில், மேல்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, கல்லால் கட்டிய ஒரு தாழ்ந்த பகுதி இருக்கும். அதுதான் கலங்கல். தண்ணீர் அந்த உயரத்தைத் தொட்டதும் தானாக வழிந்துவிடும். 'ஏரி கோடி போகுது' என்று ஊரில் சொல்வது இதைத்தான். வழிந்த தண்ணீர் போக்குக் கால்வாய் வழியாக அடுத்த ஊர் ஏரிக்குப் போகும், அது நிரம்பி அதற்கடுத்த ஊருக்கு. ஆக ஓர் ஊரின் போக்குக் கால்வாய், அடுத்த ஊரின் வரத்துக் கால்வாய். சங்கிலியில் கடைசிக் கண்ணி கழிமுகம். இந்தப் பக்கத்துத் தாழ்வான ஊர்கள் எல்லாம் எண்ணூரை நோக்கித்தான் வடிகின்றன.

இதே ஏற்பாட்டின் சின்ன வடிவம் தாங்கல். பெரிய ஏரிக்குக் கீழேயோ பக்கத்திலோ ஒரு சிறு தேக்கம், கொஞ்ச நிலத்துக்கு மட்டும் பாயும். திருவொற்றியூரில் தாங்கல் என்ற பெயரில் இன்றும் ஒரு பகுதி இருக்கிறது. ஓட்டேரியிலும் இரட்டை ஏரியிலும் இன்று மக்கள் பஸ் ஏறுகிறார்கள். அந்தப் பெயர்களுக்குள் ஏரி உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

மூன்று பட்டம்

திருவள்ளூர், செங்கல்பட்டுப் பக்கத்து நெல் பட்டங்களின், அதாவது பயிர்ப் பருவங்களின் பெயர் தஞ்சாவூர்க்காரர்களுக்குப் புதிதாக இருக்கும். அங்கே குறுவை, சம்பா, தாளடி. இங்கே சொர்ணவாரி, சம்பா, நவரை.

சொர்ணவாரி சித்திரை, வைகாசியில் தொடங்கி ஆடி, ஆவணியில் அறுவடைக்கு வரும். அப்போது ஏரி பெரும்பாலும் வற்றியிருக்கும், ஆகவே கிணற்று நீரை நம்பிய பட்டம். சம்பா ஆவணியில் தொடங்கி மார்கழி, தை வரை. வடகிழக்குப் பருவமழை அதன் நடுவில் வந்து விழும். நவரை மார்கழி, தையில் நட்டு பங்குனி, சித்திரையில் அறுப்பது. மழை நின்றுவிட்ட நேரத்தில் நடுவதால் இது முழுக்க ஏரியில் தேங்கிய தண்ணீரின் பயிர்.

இந்த மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். நவரைக்குத் தண்ணீர் விட்டதிலேயே சித்திரைக்குள் ஏரி காலியாகிவிடும். காலியான ஏரியில் வண்டல் எடுப்பார்கள், மாடு மேயும். அடுத்த ஐப்பசி மழைக்கு முழு இடமும் தயார். விவசாயத்துக்காக ஏரியைக் காலி செய்ததுதான் வெள்ளத் தடுப்பாகவும் வேலை செய்தது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பராமரிப்புக்குக் குடிமராமத்து, அதாவது ஊரார் சேர்ந்து செய்யும் பழுதுபார்ப்பு. கரையில் ஓட்டை விழுந்தாலும் கால்வாயில் கோரை மண்டினாலும் ஆயக்கட்டுக்காரர்கள் (ஏரியில் பாயும் நிலம்தான் ஆயக்கட்டு, அதை வைத்திருப்பவர்கள்) ஆளனுப்ப வேண்டும். ஆங்கிலேயர் 1858-ல் இதற்கு ஒரு கட்டாய உழைப்புச் சட்டமே போட்டார்கள். தானாக நடந்த வேலைக்குச் சட்டம் தேவைப்பட்டது என்றால், அப்போதே அது ஆட்டம் கண்டுவிட்டது என்று பொருள். 2017-ல் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. பெயர் பழசு, முறை புதுசு.

கணக்கில் இருக்கும் கிராமம்

இப்போது முதலாவது கிராமத்துக்கு வருவோம். வருவாய்ப் பதிவேடுகளைச் சலிப்பூட்டும் காகிதம் என்று ஒதுக்கிவிடுகிறோம். கொஞ்சம் பொறுமையாகப் படித்தால், தண்ணீர்க் கிராமத்தின் முழு வரைபடமும் அதற்குள் இருக்கிறது.

அ-பதிவேட்டில் ஒரு புல எண்ணுக்கு எதிரே வரிசையாக வரும் பத்திகளைப் பாருங்கள்: அரசு நிலமா ரயத்துவாரியா (தனியார் பட்டா நிலம்), நிலத்தின் வகை, பாசன ஆதாரம், இருபோக நிலமா, மண் வயனமும் (வகையும்) ரகமும், மண் தரம், தீர்வை (நில வரி) வீதம், பரப்பு. இந்த வரிசையில் வீடு, கடை, தொழிற்சாலைக்கு இடமே கிடையாது. நிலம் என்றால் விளைகிற நிலம் என்று நினைத்த காலத்தில் போட்ட கோடுகள் இவை. பரப்பு ஹெக்டேர்-ஏரில் இருக்கும். ஓர் ஏர் என்றால் 100 சதுர மீட்டர், சுமார் இரண்டரை சென்ட். 0-10.50 என்று போட்டிருந்தால் 1050 சதுர மீட்டர், கிட்டத்தட்ட 26 சென்ட்.

அடங்கல் என்பது ஆண்டுக் கணக்கு. எந்தப் புலத்தில் என்ன பயிர், எவ்வளவு பரப்பு, எந்தத் தண்ணீர் என்று பசலி ஆண்டுக்கு ஆண்டு எழுதுவது. பசலி ஜூலை 1-ல் தொடங்கும். ஆங்கில ஆண்டிலிருந்து 590-ஐக் கழித்தால் பசலி எண் வரும். 2024 ஜூலையில் தொடங்கியது 1434. இந்தக் கணக்கைத் தணிக்கை செய்வதுதான் ஆண்டுதோறும் கோடையில் நடக்கும் ஜமாபந்தி. பட்டா மாறுதல் மனு கொடுக்கும் நாள் என்று மட்டும் அதை நாம் அறிவோம்.

புறம்போக்கு என்ற சொல்லையும் தெளிவாக்க வேண்டும். வசைச் சொல்லாக்கி வைத்திருக்கிறோம். தீர்வைக்குப் புறம்பாகப் போனது, அதாவது வரி விதிப்பிலிருந்து விலக்கிய பொது நிலம் என்பதே அதன் பொருள். வகைகள்:

- ஏரி, வாய்க்கால், ஓடை, குட்டைப் புறம்போக்கு: தண்ணீரின் பாதை. சட்டப்படி இதற்குப் பட்டா வாங்க முடியாது. ஏரிகளுக்கென 2007-ல் தனி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டமும் வந்தது.
- மேய்க்கால்: மாடு மேய்கிற நிலம். காலியாகத் தெரிவதால் எல்லாருடைய கண்ணும் முதலில் விழுவது இதன் மேல்தான்.
- களம்: கதிரடிக்கும் இடம்.
- வண்டிப்பாதை, சுடுகாடு, இடுகாடு.

நத்தம் இந்தப் பட்டியலில் சேராது. அது குடியிருப்பு நிலம். வீடு கட்டி அனுபவிப்பவருக்கே உரியது, அரசின் புறம்போக்கு போலக் கருத முடியாது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. நத்தம் பெரும்பாலும் ஊரிலேயே மேடான இடத்தில் இருக்கும். ஏரிக்குக் கீழே வயல், வயலுக்கு ஓரமாக மேட்டில் நத்தம். பெரியவர்கள் வீட்டை எங்கே கட்டினார்கள், எங்கே கட்டவில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய எழுத்துச் சாட்சி வேண்டியதில்லை.

இணைத்தால் என்ன மாறும்?

2011-ல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 42 உள்ளாட்சிகள் சேர்ந்தன. வடக்கே திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி, மாதவரம் நகராட்சிகளோடு கடப்பாக்கம், சடையன்குப்பம், இடையன்சாவடி, தீயம்பாக்கம், வடபெரும்பாக்கம் போன்ற ஊராட்சிகளும் உள்ளே வந்தன. 2018-ல் சென்னை மாவட்டத்தின் எல்லையும் அதே அளவுக்கு நீட்டப்பட்டது.

இதில் உண்மையில் மாறியது:

1. கிராம சபை போய்விட்டது. ஆண்டுக்கு ஆறு முறை மக்கள் நேரடியாகக் கேள்வி கேட்கும் கிராம சபை ஊராட்சியில் மட்டும்தான்.
2. நூறு நாள் வேலை போய்விட்டது. அது கிராமப்புறத்துக்கு மட்டுமான உரிமை. கூலி வேலை செய்யும் பெண்களின் எதிர்ப்புக்கு முதல் காரணம் இதுதான். அதை அறியாமை என்று சொல்வது அநியாயம்.
3. சொத்து வரி, கட்டட அனுமதி, குடிநீர், கழிவுநீர்க் கட்டணம் எல்லாம் நகரக் கணக்குக்கு மாறின. பதிலுக்குச் சாலை, விளக்கு, குப்பை அள்ளுதல் மேம்படும் என்பது எதிர்பார்ப்பு. ஊருக்கு ஊர் அனுபவம் வேறு.
4. சிறு ஏரிகளின் பொறுப்பு கைமாறியது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத் துறையிடம், அதற்குக் கீழே உள்ளவை ஊராட்சி ஒன்றியத்திடம் என்பது பொது வழக்கம். ஒன்றியமே இல்லாமல் போனால் அந்தச் சிறு ஏரி மாநகராட்சிக்கு வரும்.

மாறாதது வருவாய் கிராமம். பட்டாவில் ஊர்ப்பெயர் நிற்பது இதனால்தான். அதில் தவறு எதுவும் இல்லை. பின்னாளில் நகர நில அளவை நடந்தால்தான் பழைய புல எண் போய் வார்டு, பிளாக், நகரப் புல எண் வரும். அப்போது பழைய எண்ணுக்கும் புது எண்ணுக்கும் உள்ள பொருத்தத்தை எழுதி வைத்துக்கொள்ளாதவர்கள் பத்திரம் பதியும்போது அலைவார்கள். அதைவிடப் பெரிய இழப்பு இன்னொன்று உண்டு. நகரக் கணக்கில் நன்செய், பாசன ஆதாரம், இருபோகம் என்ற விவரங்களுக்கு வேலை இல்லை. வயலாக இருந்தது என்ற நினைவே காகிதத்திலிருந்து கழன்றுவிடும்.

மூன்றாவது கிராமம் எப்படிச் சாகிறது?

இதற்கு அரசாணை வராது, கிராம சபை கூடாது, செய்தியும் வராது. இந்தப் பக்கத்தில் அது நடந்த விதத்தைப் படிப்படியாகச் சொல்லலாம்.

முதலில் கிணறு. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடியில் பழைய ஆற்றுப் படுகைகளின் மணல் இருப்பதால் நல்ல ஊற்று. 1960-களில் ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோடு ஆய்வு செய்து, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணற்றுப் படுகைகளை உருவாக்கினார்கள். மணலித் தொழிற்சாலைகளுக்கும் நகரத்துக்கும் தண்ணீர் போனது. விவசாயிகளும் பம்புசெட் போட்டார்கள். பிற்பாடு வறட்சிக் காலங்களில் விவசாயக் கிணறுகளிலிருந்தே விலைக்கு வாங்கி நகரத்துக்கு லாரியில் கொண்டுபோனார்கள். நெல் போட்டு வரும் வருமானத்தைவிடத் தண்ணீர் விற்றால் கூடுதல் என்ற நிலைமை.

கடலோரத்தில் இது ஆபத்தான விளையாட்டு. நிலத்தடியில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் இருந்தால், அதற்குக் கீழே சுமார் 40 அடி ஆழத்துக்கு உப்பு ஏறாமல் தாங்கும். மேலே ஓர் அடி இறங்கினால் கீழே 40 அடி உப்பு ஏறும் என்பதே இதன் மறுபக்கம். மீஞ்சூரில் அதுதான் நடந்தது. உப்பு பல கிலோமீட்டர் உள்ளே வந்தது. சென்னைப் பெருநகர நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டம் 1987-ல் வந்ததற்கு இதுவும் ஒரு காரணம். பிறகு 2010-ல் அதே மீஞ்சூருக்கு அருகே காட்டுப்பள்ளியில், கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நாளுக்கு 10 கோடி லிட்டர் திறனோடு தொடங்கியது. நல்ல தண்ணீரை உறிஞ்சிய இடத்திலேயே உப்புத் தண்ணீரைச் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று.

கிணறு உப்பானால் முதலில் விழுவது சொர்ணவாரி. ஒரு பட்டம் போனதும் விவசாயத்தின் கணக்கு உதைக்கும். நடவுக்கு ஆள் கிடைக்காது, பையன் மணலியில் கம்பெனி வேலைக்குப் போவான், நிலத்தை மனை போடுகிறவர் வந்து கேட்பார். ஏக்கராகப் பேசிய நிலம் கிரவுண்டாகப் பேசப்படும். ஒரு கிரவுண்டு 2400 சதுர அடி, ஓர் ஏக்கரில் 18 கிரவுண்டு. சாலைக்கு விட்டது போக மிச்சத்தைப் பெருக்கிப் பார்த்தால் யாருக்கும் மனசு மாறும். விற்ற விவசாயியைக் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை. இருபது வருடம் நெல் போட்டாலும் அந்தத் தொகை கைக்கு வராது.

முதல் வயல் மனையானதும் மடை மாறும். நடுவில் ஒரு லேஅவுட் வந்தால் அதற்குக் கீழே உள்ள கடைமடைக்குத் தண்ணீர் போகாது. போகாத வயல் தரிசாகும், தரிசு அடுத்த லேஅவுட் ஆகும். ஆயக்கட்டு முழுவதும் இப்படிக் கரைந்த பிறகு மதகைத் திறக்கச் சொல்ல ஆளில்லை. திறந்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருகிறது என்று புகார். கடைசியில் மதகுத் துவாரத்தில் கான்கிரீட் போட்டு அடைப்பார்கள்.

அப்புறம் ஏரியை 'மேம்படுத்துவார்கள்'. கரையில் நடைபாதை, விளக்கு, பெஞ்சு. பார்க்க நன்றாகத்தான் இருக்கும், குப்பை கொட்டுவதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனால் அழகுக்கான ஏரி ஆண்டு முழுக்க நிரம்பி நிற்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். நவரைக்காகச் சித்திரையில் காலியான ஏரி, இப்போது ஐப்பசியிலும் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது. புது மழைக்கு உள்ளே இடமில்லை, இரண்டு நாளில் கோடி போகும். கோடி போன தண்ணீர் பழைய போக்குக் கால்வாயைத் தேடும். அங்கே 20 அடி சாலை இருக்கும்.

வயலும் சும்மா இருந்ததில்லை. அரை அடி உயர வரப்பு கட்டிய ஓர் ஏக்கர் வயல், மழையில் நிரம்பினால் சுமார் 6 லட்சம் லிட்டர் பிடிக்கும். 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் கணக்கிட்டால் 50 லாரி. நூறு ஏக்கர் ஆயக்கட்டு மனையானால் 5000 லாரித் தண்ணீர் நிற்க இடமில்லாமல் தெருவுக்கு வருகிறது. இது ஏரியில் நிற்பதற்கு மேலான கணக்கு.

இதோடு புழல் உபரிநீரையும் சேர்க்க வேண்டும். 3300 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள புழல் ஏரி நிரம்பித் திறந்துவிட்டால், தண்ணீர் வடபெரும்பாக்கம், கொசப்பூர், மணலி வழியாகச் சடையன்குப்பத்தைத் தொட்டு எண்ணூர்க் கழிமுகத்துக்குப் போகிறது. கொசஸ்தலையில் வெள்ளம் வந்தால் அதுவும் அங்கேதான். அந்த நேரத்தில் கடல் ஏற்றமாக இருந்தால் முகத்துவாரம் வாங்காது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மணலிப் பக்கத் தாழ்வான ஊர்கள் நாள்கணக்கில் தண்ணீரில் கிடந்ததை 'எதிர்பாராத மழை' என்று மட்டும் விளக்கிவிட முடியாது.

மனை வாங்கும் முன் எதைப் பார்ப்பது?

வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம் எல்லாரும் பார்க்கிறார்கள். இந்தப் பகுதிக்குக் கூடுதலாகச் சில:

1. அரசின் இணையச் சேவையில் புல எண்ணைப் போட்டு அ-பதிவேட்டுப் பக்கத்தைப் படியுங்கள். 'நன்செய், ஏரிப் பாசனம்' என்றிருந்தால் நீங்கள் வாங்குவது ஏரிக்குக் கீழே உள்ள தாழ்ந்த நிலம். வாங்கக் கூடாது என்றில்லை, அடித்தளத்தை எவ்வளவு உயர்த்துவது என்று அப்போதே தெரிந்துவிடும்.

2. லேஅவுட்டுக்கு அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். அனுமதியில்லா மனைகளைப் பதிவதற்கு 2016 செப்டம்பரில் உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2017-ல் வந்த வரன்முறை விதிகள் 2016 அக்டோபர் 20-க்குள் பதிவு நடந்த லேஅவுட், மனைகளுக்கே பொருந்தும். 'அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்' என்று தரகர் சொன்னால் பதிவுத் தேதியைக் கேளுங்கள். புழல் ஏரியின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்குத் தனிக் கட்டுப்பாடுகள் இருப்பதையும் பாருங்கள்.

3. பஞ்சமி நிலமாக இருந்தால் பட்டியல் சாதியினர் அல்லாதவர் வாங்கியது செல்லாது, எத்தனை கை மாறியிருந்தாலும்.

4. புலப்படத்தை வாங்கிப் பக்கத்துப் புல எண்களைப் பாருங்கள். உங்கள் மனைக்கு ஒட்டினாற்போல் நீளமாக, குறுகலாக ஒரு புலம் தனி எண்ணோடு ஓடினால் அது வாய்க்காலாகவோ வண்டிப்பாதையாகவோ இருக்கும். தரையில் அது இப்போது கண்ணுக்குத் தெரியாமல் போயிருக்கலாம். மழை வந்தால் தண்ணீருக்குத் தெரியும்.

5. இடத்தைச் சித்திரையில் போய்ப் பார்க்காதீர்கள், எல்லா மனையும் மேடாகத்தான் தெரியும். கார்த்திகையில் போங்கள். பழைய நத்தத்துத் தெருவில் வயசானவர் யாராவது இருந்தால், 2015-லும் 2023-லும் தண்ணீர் எந்த வீட்டுப் படி வரை வந்தது என்று கேளுங்கள். கையோடு கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.